டிடிபி அண்ணன் அரை மணி நேரத்துல முடிக்கிற வேலைக்கு நாலு வருஷ டிசைன் படிப்பு எதுக்கு?

கேள்வி:

அக்கா, எனக்கு ஊர் சிவகாசி. வெளியூர்ல ஒரு பிரைவேட் காலேஜ்ல கம்யூனிகேஷன் டிசைன் மூணாவது வருஷம் படிக்கிறேன், எஜுகேஷன் லோன்ல. அப்பா ஆஃப்செட் பிரஸ்ல மெஷின் ஓட்டறாங்க. போன செமஸ்டர் முழுக்க இல்லாத ஒரு பெர்ஃப்யூம் பிராண்டுக்கு லோகோ, பாட்டில், டப்பா எல்லாம் பண்ணேன், மார்க் போடற ஜூரில நல்ல கிரேடு குடுத்தாங்க. லீவுக்கு ஊருக்கு வந்தா அப்பா பிரஸ்ல டிடிபி பண்ற அண்ணன், பத்தாவது வரைக்கும் தான் படிச்சவங்க, அரை மணி நேரத்துல ஒரு போஸ்டர் முடிச்சு பிளேட்டுக்கு அனுப்பிடறாங்க. கிளாஸ்ல பாதி பேர் ஏஐல போட்டு எடுத்துட்டு வராங்க. நான் படிக்கிறது யாருக்கு, எதுக்குன்னே புரியல. விட்டுட்டு வந்துடலாமான்னு தோணுது, வீட்ல சொல்ல பயமா இருக்கு.

பதில்:

அக்கான்னு கூப்பிட்டதால நீன்னே எழுதறேன்மா. உன் லெட்டரை ரெண்டு மூணு தடவை படிச்சேன், அதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது பெர்ஃப்யூமும் இல்ல, ஏஐயும் இல்ல, அந்த டிடிபி அண்ணன் தான். அதனால அவர்கிட்ட இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அரை மணி நேரத்துல முடிக்கிறார்னு நீ எழுதியிருக்க. அந்த அரை மணி நேரத்துக்குள்ள என்னென்ன இருக்குன்னு பக்கத்துல உக்காந்து பாத்திருக்கியா? மெஷின்ல பேப்பரைப் பிடிக்கிற கிரிப்பருக்கு எவ்வளவு இடம் விடணும், கட்டிங்ல எவ்வளவு போகும், இந்த மஞ்சள் ஆர்ட் பேப்பர்ல எப்படி விழும், பளபளப்பில்லாத மேப்லித்தோ பேப்பர்ல எப்படி மங்கும், கஸ்டமர் வாட்ஸப்புல யூனிகோட்ல அனுப்பின மேட்டரை தன்னோட பழைய ஃபாண்டுக்கு மாத்தும்போது எந்த எழுத்து உடையும், போஸ்டர்ல தாய்மாமன் பேர் எந்த இடத்துல வந்தா சண்டை வராது, இது அத்தனையும் அவர் கைல இருக்கு. இதுல பாதியை எந்த காலேஜும் கிளாஸ்ரூம்ல உக்கார வெச்சு சொல்லிக் குடுக்க முடியாது. அவர் உனக்குப் போட்டியே இல்லம்மா, உனக்குக் கிடைக்காம போன ஒரு வாத்தியார். அடுத்த லீவுல அவர் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு உக்காரு, கேள்வி கேளு, நோட்ல எழுதிக்கோ. அப்பா மெஷின்ல கலர் ரிஜிஸ்டர் பண்றதையும், அதாவது ஒரு கலர் மேல இன்னொரு கலரை விலகாம உக்கார வெக்கிறதையும் நின்னு பாரு, அப்பாவுக்கு அது எவ்வளவு சந்தோஷமா இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

சரி, அவருக்கு இவ்வளவு தெரியும்னா நீ எதுக்கு? இதுக்கு நேரா பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்க ஊர் பொருள் ஒண்ணைக் கைல எடுக்கச் சொல்றேன். தினசரி காலண்டர். வருஷா வருஷம் ஆடிப்பெருக்கு அன்னிக்கு அடுத்த வருஷத்து காலண்டர் மாதிரிகளோட ஆல்பம் போடறாங்களே, அதுல நீ சின்ன வயசுல இருந்து புரட்டி அலுத்துப்போன அந்த கிழிக்கிற காலண்டர் தான். ஒரு தாளை சுவர்ல ஒட்டிட்டு தள்ளிப் போய் நில்லு. ரூமோட அந்தக் கோடில இருந்து பாத்தா தேதி மட்டும் தெரியும், ஞாயித்துக்கிழமைன்னா சிவப்புல. நாலு எட்டு முன்னாடி வந்தா கிழமை, தமிழ் மாசம், தமிழ் தேதி. சுவரை ஒட்டி வந்து நின்னா தான் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, திதி, நட்சத்திரம், சூலம், சந்திராஷ்டமம், கூடவே ஹிஜ்ரி தேதி, கீழ ராசிக்கு ஒரு சொல்லா பன்னண்டு ராசிக்கும் பலன். மூணு தூரத்துல மூணு விதமா படிக்கிற மாதிரி, உள்ளங்கை அகலத் தாள்ல, ரெண்டே கலர்ல அடைச்சிருக்காங்க. தமிழ்நாட்டுல கோடீஸ்வரர் வீடு, குடிசை, டீக்கடை, ஜோசியர் வீடு, ஸ்கூல் ஆபீஸ் ரூம் எல்லா இடத்துலயும் ஒரே தாள் வேலை செய்யுது. நம்ம காலேஜ்கள்ல தகவலைச் சுலபமா புரியற மாதிரி அடுக்கறதுக்கு இன்ஃபர்மேஷன் டிசைன்னு ஒரு பேப்பர் வெச்சு வெளிநாட்டு மெட்ரோ மேப்பை எல்லாம் காட்டறாங்க, தப்பில்ல, ஆனா இந்தத் தாளை ஒரு நாள் கூட டேபிள் மேல வெச்சுப் பேசறதில்லன்னா அது எனக்கு நிஜமாவே வருத்தமா இருக்கு.

இப்ப அதே தாளை இன்னொரு தடவை பாரு. சந்திராஷ்டமம் யாருக்குன்னு தினமும் தேடிப் பாக்கிறது பெரும்பாலும் வீட்ல இருக்கிற பெரியவங்க தான், ஆனா அது தாள்லயே ரொம்பப் பொடி எழுத்துல இருக்கும். கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்குத் தேவையானது ஏன் பொடியா இருக்கு? அதைப் பெருசாக்கினா எதைச் சின்னதாக்கணும்? ராசி பலனையா, விளம்பரம் குடுத்த ஜவுளிக்கடை பேரையா? அதை முடிவு பண்றது யாரு? மாத்திப் போட்டா நிஜமாவே பாட்டிக்குப் படிக்க முடியுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? டிடிபி அண்ணனுக்கு இந்தக் கேள்வி கேக்கத் தெரியாதுன்னு நான் சொல்லல. அவருக்கு அதைக் கேக்க யாரும் நேரமும் தரல, சம்பளமும் தரல, நாளைக்குக் காலைல மெஷின் ஏறணும். உனக்கு நாலு வருஷம் குடுத்திருக்காங்க. இந்தக் கேள்விகளைக் கேக்கறதுக்கும், ஆள் தேடிப் போய் பதில் கண்டுபிடிக்கிறதுக்கும், அந்தப் பதிலைத் தாள்ல கொண்டு வர்றதுக்கும் தான் அந்த நேரம். உன் படிப்பு எதுக்குன்னா இதுக்கு. சாஃப்ட்வேரை யூட்யூப்ல கூட கத்துக்கலாம்.

இந்தியால டிசைன் படிப்பு ஆரம்பிச்சதும் கிட்டத்தட்ட இப்படி ஒரு பொருளைப் பாத்துத் தான். 1958ல சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ்னு ஒரு அமெரிக்க டிசைனர் தம்பதியை நம்ம அரசாங்கம் கூப்பிட்டு, இந்த நாட்டுக்கு டிசைன்ல என்ன தேவைன்னு கேட்டுச்சு. அவங்க நாடு சுத்திப் பாத்துட்டு எழுதிக் குடுத்த ரிப்போர்ட்ல, இங்க பாத்த பொருள்கள்லயே ரொம்ப அழகானதுன்னு சொன்னது சொம்பைத் தான். கோயிலோ அரண்மனை நகையோ இல்ல, சொம்பு. அதை ஒரு ஆள் டிசைன் பண்ணல, தலைமுறை தலைமுறையா பல பேர் கைபட்டு வந்ததுன்னு சொல்லிட்டு, அதையே இன்னிக்கு ஒருத்தர் புதுசா பண்ணணும்னா என்னென்ன கேக்கணும்னு வரிசையா எழுதினாங்க. எவ்வளவு தண்ணி பிடிக்கணும், தூக்கப் போற கை ஆம்பளை கையா பொம்பளை கையா, தலைல வெப்பாங்களா இடுப்புலயா, காலியா இருக்கும்போது எப்படி நிக்கும், நிறைஞ்சா எப்படி நிக்கும், ஊத்தும்போது எப்படி விழும், தொட்டா எப்படி இருக்கும், என்ன விலை ஆகும், இப்படிப் போகுது அந்த லிஸ்ட். அந்த ரிப்போர்ட்டை வெச்சு தான் 1961ல அகமதாபாத்ல என்ஐடிங்கற தேசிய டிசைன் காலேஜ் வந்துச்சு, அப்புறம் 1969ல ஐஐடி பம்பாய்ல ஐடிசிங்கற டிசைன் பள்ளி. ஆரம்பத்துலயே இந்தப் படிப்புக்கு முன்னாடி வெச்ச கேள்வி 'இது யார் கைக்கு, யார் இடுப்புக்கு' அப்படிங்கறது தான். நீ இன்னிக்குக் கேக்கிற 'யாருக்கு, எதுக்கு' அதே கேள்வி. அதனால உனக்கு இந்தப் படிப்பு ஒத்து வரலையோன்னு பயப்படாத. இதைக் கேக்காமலே டிகிரி வாங்கிட்டுப் போறவங்களை நினைச்சா தான் எனக்குக் கவலை.

இன்னொண்ணும் சொல்லணும், உங்க ஊர்ப்பக்கத்து விஷயம். கொண்டையராஜுன்னு ஒரு ஓவியர், 1898ல பிறந்து 1976 வரைக்கும் இருந்தவர். நாடகக் கம்பெனிக்கு சீன் படுதா வரைஞ்சுட்டு இருந்துட்டு, அப்புறம் கோவில்பட்டில உக்காந்து அவரும் அவர் சிஷ்யர்களும் வரைஞ்ச முருகன், மீனாட்சி, லட்சுமி எல்லாம் சிவகாசி காலண்டர் வழியா வீடு வீடாப் போய் பூஜை ரூம்ல உக்காந்துச்சு. அவர் படிச்சது மெட்ராஸ் ஓவியப் பள்ளில, இன்னிக்கு எக்மோர்ல இருக்கிற கவின் கலைக் கல்லூரி. படிச்ச ஆள் ஒரு பக்கம், பிரஸ் ஒரு பக்கம்னு நீ மனசுல போட்டு வெச்சிருக்கிற கோடு உங்க ஊர் சரித்திரத்துலயே இல்லம்மா.

இப்ப நீ கேக்காத ஒண்ணு. படிச்சு டிசைன் பண்றதுக்கும் சும்மா பண்றதுக்கும் வித்தியாசம் எங்க தெரியும்னா, தப்பாப் போனா யாருக்கு என்ன ஆகும்ங்கற இடத்துல தான் தெரியும். அமெரிக்கால 2000ல ஜனாதிபதி தேர்தல் நடந்தப்ப, ஃப்ளோரிடால பாம் பீச் கவுன்டில தேர்தல் அதிகாரி ஒருத்தங்க வாக்குச்சீட்டை மாத்திப் போட்டாங்க. எண்ணம் ரொம்ப நல்ல எண்ணம், அங்க வயசானவங்க நிறைய, எழுத்தைப் பெருசா போடுவோம்னு. எழுத்து பெருசானதும் பேர் எல்லாம் ஒரு பக்கத்துல அடங்கல, இடது பக்கம் பாதி வலது பக்கம் பாதின்னு பிரிச்சு, குத்தற ஓட்டையை எல்லாம் நடுவுல ஒரே வரிசையா வெச்சாங்க. இடது பக்கத்துல ரெண்டாவது பேர், புஷ்ஷை எதிர்த்து நின்ன அல் கோர், ஆனா அவருக்குக் குத்த வேண்டியது மூணாவது ஓட்டை. ரெண்டாவது ஓட்டை வலது பக்கத்துல இருந்த இன்னொரு வேட்பாளர் பேட் புக்கானனுக்கு. ஆயிரக்கணக்கான பேர் குழம்பிட்டாங்க. ஃப்ளோரிடால கடைசில புஷ் ஜெயிச்சது 537 ஓட்டுல, அந்த மாநிலத்தை வெச்சு தான் யார் ஜனாதிபதின்னே முடிவாச்சு. பிரிண்ட் பண்றதுக்கு முன்னாடி நாலு தாத்தா பாட்டி கைல குடுத்து, 'நீங்க நினைக்கிற ஆளுக்குக் குத்திக் காட்டுங்க'ன்னு கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

நம்ம ஓட்டு மெஷினை எடுத்துக்கோ. பேர், சின்னம், பக்கத்துல நீலப் பட்டன், அமுக்கினா சிவப்பு லைட், ஒரு பீப். படிக்கத் தெரியாதவங்களுக்குச் சின்னம், கண்ணு தெரியாதவங்களுக்கு பிரெய்ல் நம்பர். எந்தப் பேருக்கு எந்தப் பட்டன்னு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்ல. அதோட உருவத்தை டிசைன் பண்ணது ஐடிசில பாடம் நடத்தின ஏ.ஜி. ராவ், ரவி பூவையா. மெஷினைப் பத்தின அரசியல் சண்டை வேற விஷயம், நான் சொல்றது அந்தப் பட்டன் வரிசையை மட்டும்.

என் வேலைல இருந்தும் ஒண்ணு சொல்றேன். ஒரு ஆஸ்பத்திரிக்கு டிஸ்சார்ஜ் சீட்டு டிசைன் பண்ணோம். டாக்டருங்க காலைல ஒண்ணு, மத்தியானம் வேண்டாம், ராத்திரி ஒண்ணுங்கறதுக்கு 1-0-1ன்னு எழுதறது நிறைய பேருக்குப் புரியலங்கறதால காலைக்குச் சூரியன், மத்தியானத்துக்கு உச்சிச் சூரியன், ராத்திரிக்கு நிலான்னு படம் போட்டு வார்டுல கொண்டு போய்க் காட்டினோம். ஒரு அம்மா அதை வாங்கிப் பாத்துட்டு, 'ரெண்டும் சூரியன் தானப்பா, எந்தச் சூரியனுக்கு எந்த மாத்திரை?'ன்னு கேட்டாங்க. அவங்க மாத்திரையை நேரம் பாத்துச் சாப்பிடறதில்ல, சாப்பாட்டை வெச்சு தான் ஞாபகம் வெச்சுக்கிறாங்கன்னு அப்புறம் பேசினப்ப தெரிஞ்சுது. படத்தை எல்லாம் எடுத்துட்டு இட்லித் தட்டு, சாப்பாட்டுத் தட்டு, படுக்கைன்னு மாத்தி, முன்னாடியா பின்னாடியான்னு ஒரு கட்டம் போட்டோம். அப்புறமும் காட்டினோம், அப்புறமும் மாத்தினோம். பாக்க ரொம்ப சாதாரணமா இருக்கும் அந்தச் சீட்டு, ஜூரில வெச்சா யாரும் திரும்பிக் கூடப் பாக்க மாட்டாங்க, ஆனா இத்தனை வருஷத்துல நான் பண்ண வேலைல எனக்கு ரொம்பப் பிடிச்சது அது.

அதனால பெர்ஃப்யூம் விஷயத்துல உன் கோபம் நியாயமானது. அந்த புராஜெக்ட்ல நீ ஃபார்ம், ஃபினிஷ், கலர் எல்லாம் கத்துக்கிட்டிருப்ப, அது வீண் இல்ல, பின்னாடி உதவும். ஆனா இல்லாத பிராண்டுக்கு, இல்லாத கஸ்டமருக்கு, கேள்வி கேக்க ஆளே இல்லாத ஒரு பொருளை செமஸ்டர் செமஸ்டரா பண்ண வெச்சா பிள்ளைங்க ஜூரில இருக்கிற அஞ்சு பேருக்கு டிசைன் பண்ணத் தான் கத்துக்கும். காலேஜுக்கு அது சுலபம், யாரும் வெளில இருந்து வந்து 'இது எனக்குப் புரியல'ன்னு சொல்ல மாட்டாங்க. நீ விட நினைக்கிறது படிப்பை, ஆனா உன்னை நோகடிச்சது அந்த பிரீஃப், அதாவது காலேஜ்ல பண்ணச் சொல்லிக் குடுத்த வேலை. ரெண்டையும் பிரிச்சுப் பாரு. அடுத்த செமஸ்டர் பிரீஃப் வரும்போது ஃபேகல்டிகிட்ட போய், 'இதே ஸ்கில்லை ஒரு நிஜ ஆளுக்குப் பண்றேன் சார், அவங்களையும் ஜூரிக்குக் கூட்டிட்டு வரேன்'னு கேளு. நிறைய வாத்தியாருங்க சந்தோஷமா சரின்னு தான் சொல்வாங்க, யாரும் கேக்கறதில்லங்கறது தான் பிரச்சனை.

ஏஐ பத்தி ரொம்ப எழுதப் போறதில்ல. அதுல தமிழ் எழுத்து சில நேரம் உருக்குலைஞ்சு வரும், ஆனா அது சரியாகிட்டே வருது, அதை நம்பி நிம்மதியா இருக்காத. உங்க ஊர் லித்தோ கல்லுல இருந்து ஆஃப்செட்டுக்கு வந்துச்சு, அச்சு கோக்கறதுல இருந்து டிடிபிக்கு வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் கை வேலைல ஒரு பங்கு போயிடுச்சு, அதுல நிஜமா சில குடும்பங்கள் கஷ்டப்பட்டாங்க, அதை லேசா சொல்லிட்டுப் போக எனக்கு மனசு இல்ல. படம் போடறது மட்டுமே வேலைன்னு வெச்சிருக்கிறவங்களுக்கு இப்பவும் கஷ்டம் வரும். ஆனா 'எந்தச் சூரியனுக்கு எந்த மாத்திரை'ன்னு கேட்ட அம்மாவை வார்டுக்குப் போனவங்க தான் பாக்க முடியும். உன் கிளாஸ்மேட்ஸ் ஏஐல எடுத்துட்டு வரட்டும், நீயும் தேவைப்பட்டா யூஸ் பண்ணு, ஆனா போய்ப் பாக்கிற வேலையை மட்டும் யார்கிட்டயும் குடுத்துடாத.

டிகிரி புராஜெக்ட் என்ன பண்றதுன்னு நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன், ஏன்னா உன் கேள்விக்கு அதுல தான் பதில் இருக்குன்னு எனக்குத் தோணுது. உங்க ஊர் பட்டாசு ஆலைகள். விபத்துச் செய்தி வராத வருஷமே இல்ல. ஒரு ரூமுக்குள்ள எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு வெடிமருந்து வெச்சுக்கலாம், மருந்து கலக்கும்போது, அடைக்கும்போது, உராய்வு வராம என்ன பண்ணணும்னு எல்லாத்துக்கும் விதி இருக்கு, போர்டும் இருக்கு. அந்த போர்டை அங்க வேலை செய்யற அக்காங்க படிக்கிறாங்களா? எந்த உயரத்துல இருக்கு, எந்தத் தமிழ்ல எழுதியிருக்கு, வேலை செய்யும்போது அவங்க கண்ணு எந்தப் பக்கம் இருக்கும், முதல் நாள் வேலைக்கு வர்றவங்களுக்கு யார் சொல்லிக் குடுக்கிறாங்க? உனக்கு அந்த ஊர்ல சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க இருப்பாங்க, ஃபேக்டரி வாசல்ல போய் நிக்காம வீட்ல, சாயங்காலம், சமைச்சுட்டு இருக்கும்போது பக்கத்துல உக்காந்து பேசு. அவங்க பேர், ஃபேக்டரி பேர் எதையும் வெளில சொல்லாத, போட்டோ எடுக்காத, அவங்க வேலைக்கு உன்னால ஆபத்து வந்துடக் கூடாது. கேட்டதை வெச்சு ஒரு தாள் பண்ணு, காட்டு, ஒரு வாரம் கழிச்சுப் போய் அதுல என்ன ஞாபகம் இருக்குன்னு கேளு.

ஒண்ணு மட்டும் முன்னாடியே தெரிஞ்சுக்கோ. பீஸ் ரேட்ல, செஞ்ச எண்ணிக்கைக்குக் கூலி வாங்கறவங்களுக்கு அவசரம் கூலில இருந்து வருது. நீ எவ்வளவு நல்ல போர்டு வெச்சாலும் அந்த அவசரம் குறையாது. ரூம்ல ஆள் கூடினா அது முதலாளியும் அதிகாரியும் பாக்க வேண்டியது, தொழிலாளி தலைல கட்டற மாதிரி 'கவனமா இருங்க'ன்னு ஒரு போஸ்டர் அடிச்சுட்டு வந்துடாத. எது டிசைனால முடியும், எது கூலியால, சட்டத்தால தான் முடியும்னு உன் ரிப்போர்ட்ல பிரிச்சு எழுதினேன்னா அதுவே பெரிய வேலை. எழுதினதை அந்தத் துறை அதிகாரிகளுக்கும், தொழிற்சங்கத்துல யாராவது இருந்தா அவங்களுக்கும் ஒரு காப்பி குடு.

விட்டுட்டு வரலாமான்னு கேட்ட இல்ல. வேண்டாம். மூணாவது வருஷத்துல நிக்கிற, பாக்கி இருக்கிறதுல உனக்குப் பிடிச்ச மாதிரி பண்ண வாய்ப்பு இருக்கிறதே கடைசி வருஷம் தான். லோனும் இருக்கு. பொதுவா படிப்பு முடிஞ்சு ஒரு வருஷம் வரைக்கும் தவணை கட்ட ஆரம்பிக்க வேண்டியதில்ல, ஆனா நடுவுல விட்டா அந்தக் கணக்கு மாறும், உன் பேங்க்ல போய் நேரா கேட்டுக்கோ. வேலை விஷயத்துல, பேக்கேஜிங், ஆப், ஆஸ்பத்திரி, பேங்க் ஃபார்ம், அரசாங்கத் திட்டங்கள்னு தமிழ்ல சரியா யோசிச்சு டிசைன் பண்றவங்களுக்கு இடம் இருக்கு, அந்தத் தமிழ் உன்கிட்ட இருக்கு. ரூபாய் சின்னத்தை வரைஞ்ச உதயகுமார் ஐஐடி பம்பாய்ல பிஎச்டிக்கு எடுத்துக்கிட்டது தமிழ் எழுத்து வடிவங்களை, 2010ல நாடு முழுக்க ஏத்துக்கிட்டது அவர் போட்ட சின்னத்தைத் தான். போர்ட்ஃபோலியோல பளபளன்னு ஃபைனல் படத்தை மட்டும் வெக்காத, யாரைப் பாத்த, என்ன கேட்ட, எதை மாத்தினன்னு வை. நான் ஆள் எடுக்கும்போது அதைத் தான் முதல்ல பாப்பேன்.

ஒருவேளை இந்தக் கேள்வியோட சேர்ந்து தூக்கம் வரல, சாப்பிடப் பிடிக்கல, எதுலயும் மனசு ஒட்டலன்னு ரொம்ப நாளா இருந்தா, அது வேறம்மா, அதுக்கு காலேஜ் கவுன்சிலரையோ ஒரு டாக்டரையோ தள்ளிப் போடாம போய்ப் பாரு. வீட்லயும் சொல்லு. 'விடப் போறேன்'னு ஆரம்பிக்காம, 'நான் படிக்கிறது நம்ம ஊருக்கு உதவற மாதிரி இருக்கணும்னு தோணுதுப்பா, பட்டாசு ஆலைல வேலை பாக்கிற யாரையாவது எனக்கு அறிமுகப்படுத்துங்க'ன்னு கேட்டுப் பாரு. மெஷின் ஓட்டற மனுஷனுக்கு அது புரியும்.

டிகிரி புராஜெக்ட் ப்ரொபோசல் எழுதினதும் எனக்கு அனுப்பு. ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம், யார் யார்கிட்ட பேசினன்னு பேர் இல்லாம அதுல இருக்கணும். நான் படிச்சுட்டு ஓரத்துல எழுதி அனுப்பறேன்.